பிஸ்கற் பேணிக் குளிசை

குருநகர்
04.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டாரவளைக் குளிர் உங்களுக்கு இப்போது பழகியிருக்கும். இங்கே எல்லாரும் இருக்கிறோம். அப்பா கடல் தொழிலுக்குப் போய்விட்டார், அம்மா நித்திரை. நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, அரிசி வாளியின் மூடியில் கொப்பியை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நீங்கள் மடத்திலிருந்து போனில் கதைக்கும்போது அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம். நீங்களும் எங்கள் வீட்டுக்கு எழுத வேண்டாம். என்னோடு படிக்கும் நிவேதனாவின் மானிப்பாய் விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவள் பிரித்துப் பார்க்க மாட்டாள்.

அக்கா, எனக்கு ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சத்தியமாக எந்தப் பொடியனோடும் எனக்கு ஒரு கதையும் இல்லை. உங்கள் செபமாலையைத் தொட்டுச் சொல்லுகிறேன். அம்மாவுக்குத் தெரியாமலிருக்க, மாதம் தவறாமல் நாப்கின் பைக்கற்றை உடைத்து, ஐந்தாறைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்குள் போடுகிறேன். புதிதாக இருப்பதை எறியும்போது களவு செய்வதுபோல் இருக்கிறது.

வயிறும் சரியில்லை. எதைத் தின்றாலும் ஓட்டம். பள்ளிக்கூட உடுப்பின் இடுப்பை ஊசி குத்தித்தான் நிறுத்துகிறேன். முகம் மட்டும் நல்லாயிருக்கிறது. அம்மா காலையும் இரவும் தரும் குளிசையில் பரு எல்லாம் காய்ந்துவிட்டது.

போன கிழமை அற்புதராணி மாமி வந்திருந்தார். அம்மா அவரிடம் சொல்லிச் சிரித்தார்: "மூத்தவளை ஆண்டவருக்குக் குடுத்திட்டன். இனி இவள்தான் எனக்கு நாலு பேரப்பிள்ளை பெத்துத் தரவேணும். கணக்கு அவளிலைதான் நிக்குது." நான் தேத்தண்ணியோடு நின்றேன். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

எனக்கு ஒருபோதும் பிள்ளை பிறக்காதா அக்கா? செப்டெம்பர் எட்டாம் தேதி நீங்கள் சிஸ்டராக வார்த்தைப்பாடு கொடுப்பதைப் பார்க்க வரும்போது நேரில் கேட்கலாம் என்றிருந்தேன். அதுவரை பொறுக்க முடியாது. வேறு ஆரிடம் கேட்பேன்?

உங்கள் தங்கை
லவீனா


நவகன்னியர் இல்லம், பண்டாரவளை
21.02.2024

அன்புத் தங்கை லவீனாவுக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருப்பதாக.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். பயப்படாதே என்று எழுதினால் நீ பயப்படாமல் இருக்கப்போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், பயப்படாதே.

பைக்கற்றுகளை எறிகிறாய் என்றாயே, எல்லாவற்றையும் ஒரே பேப்பரில் சுற்றாதே. ஒவ்வொன்றாகச் சுற்று. தண்ணீரில் நனைத்துவிட்டுச் சுற்று. அம்மாவின் கண்ணுக்கு அது போதும்.

எல்லாப் பெண்களும் பிள்ளை பெறவேண்டுமென்று ஆண்டவர் கேட்பதில்லை. ஒன்றை அவர் எடுக்கும்போது வேறு ஒன்றுக்காகத்தான் எடுக்கிறார். அது என்னவென்று கொஞ்சக் காலம் கழித்து விளங்கும். ஒவ்வொரு இரவும் மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லு. நானும் சொல்லுகிறேன்.

இங்கே உருளைக்கிழங்குப் பாத்தி கொத்துகிறோம். என் கை அப்பாவின் கை போலக் காய்ச்சுப் போயிருக்கிறது. சாப்பாட்டைக் குறைக்காதே.

அன்புடன்
அக்கா


குருநகர்
10.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முதல்நாளே நான் பிடிபட்டுவிட்டேன்.

குப்பைப் பையை நாய் இழுத்துப் படிக்கட்டில் கொட்டிவிட்டது. அம்மா கூட்டி அள்ளும்போது ஒரு சுருள் அவிழ்ந்திருக்கிறது. நான் டியூசனால் வந்தபோது ஐந்தையும் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு அம்மா இருந்தார்.

"இது என்னடி?"

நான் புத்தகப் பையைக் கழற்றி நிலத்தில் வைத்தேன்.

"எத்தினை மாசம்?"

"ஆறு."

"ஆரடி அவன்?"

"ஒருத்தரும் இல்லையம்மா."

"உண்மையைச் சொல்லு. கொப்பர் கடலாலை கரைக்கு வரமுதல் சொல்லு. ஆரடி?"

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். சீலையை மாற்றிக்கொண்டு மானிப்பாய்க்குப் பஸ் ஏறிப் போய், அங்கே ஒரு பார்மசியில் அந்தச் சோதிக்கிற சாமானை வாங்கி வந்தார். இங்கே வாங்கினால் பின்னேரப் பூசைக்கு முதல் குருநகர் முழுக்கத் தெரிந்துவிடும். கழிப்பறைக் கதவைத் திறந்தபடி விடச் சொல்லிவிட்டு வாசலில் நின்றார். நான் அம்மாவுக்கு முன்னால் இருந்து... எழுதக் கூச்சமாயிருக்கிறது.

ஒரு கோடுதான் வந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அழுதார். அழுது முடிய, அப்பா மருந்து போட்டு வைக்கும் பிஸ்கற் தகரப் பேணியைத் திறந்தார்.

அந்தப் பேணி உங்களுக்கு மறந்திருக்காது. திருக்கை முள் குத்தினால், கெளிறு குத்தினால் என்று அப்பா வள்ளத்துக்குக் கொண்டுபோகும் சிவப்பும் கறுப்புமான குளிசை. உடைத்துப் புண்ணில் தூவுவார், மிச்சத்தை விழுங்குவார். என் பருவுக்குத் தருவதும் அதுதான். போன வருடம் ஈஸ்டர் முடிந்து தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. "பொம்பிளை பாக்க வாறவை முதலிலை முகத்தைத்தான் பாப்பினம்" என்பார் அம்மா. இப்போது சொல்லுகிறார், "உள்ளுக்கும் கிருமி பிடிச்சிருக்கு. இண்டையிலை இருந்து மூண்டு நேரமும் போடு."

அக்கா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். அம்மா முதலில் கேட்டது "ஆரடி அவன்" என்று. நிவேதனாகூட, நான் சொன்னபோது ஒரு தரம் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் மட்டும் அதைக் கேட்கவில்லை. சுருளை நனைக்கச் சொன்னீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

லவீனா


பண்டாரவளை
29.03.2024, பெரிய வெள்ளி

அன்புத் தங்கைக்கு,

இன்றைக்கு மௌன நாள். எழுதுவதும் கதைப்பதுதான், ஆனாலும் எழுதுகிறேன்.

நான் நனைத்ததால் தெரியும்.

எனக்குப் பதினெட்டில் நின்றது. வீட்டிலிருந்த இரண்டு வருடமும் வரவில்லை. நீ அப்போது சின்னப் பிள்ளை, என் பக்கத்துப் பாயில் படுத்து என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்ளுவாய். ஒருவருக்கும் சொல்லவில்லை. அற்புதராணி மாமி தன் மகன் ஜெரிசனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பாலப்பம் கொண்டுவந்தார், நீ நாலு தின்றாய். எனக்கு விருப்பமில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு விருப்பம் இருந்தது. ஆனால் கட்டிப் போனால், இரண்டு வருடத்தில் மாமி என் வயிற்றைப் பார்க்கத் தொடங்குவார், ஐந்து வருடத்தில் ஊர் ஒரு பேர் வைக்கும். அந்தப் பேரைவிட "சிஸ்டர்" என்ற பேர் நல்லது என்று அன்றிரவு முடிவெடுத்தேன். அடுத்த நாள் காலை அம்மாவிடம், எனக்குத் தேவ அழைத்தல் வந்திருக்கிறது என்றேன். அம்மா முழங்காலில் இருந்துவிட்டார்.

பொய்யில் தொடங்கியது பொய்யாகவே முடியும் என்றில்லை. இங்கே வந்தபின் ஆண்டவர் எனக்கு ஒரு அடையாளம் தந்தார். அது என்னவென்று கேட்காதே. அது எனக்கும் அவருக்கும் உள்ளது. அதில்தான் நான் நிற்கிறேன்.

இதை வாசித்ததும் கிழித்துவிடு.

அக்கா


குருநகர்
12.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிழித்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு சொல்லும் பாடமாகிவிட்டது, அதை என்ன செய்வது?

ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்றால், நான் ஒரு டாக்டரிடம் போனேன். மானிப்பாயில் நிவேதனா வீட்டு ஒழுங்கையில் கமலாவதி என்று ஒரு லேடி டாக்டர் பின்னேரத்தில் பார்க்கிறார். டியூசன் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் பள்ளிக்கூட உடுப்போடு போனோம்.

"அம்மா எங்கை?" என்பதுதான் முதல் கேள்வி. நான் அழுதுவிட்டேன். நிவேதனாதான் எல்லாம் சொன்னாள், வகுப்பில் வாசிப்பதுபோல் எழும்பி நின்று. டாக்டர் நிறை பார்த்தார். எட்டுக் கிலோ இறங்கியிருக்கிறேன். என்ன மருந்து பாவிக்கிறாய் என்று கேட்டார். மருந்து ஒன்றும் இல்லை, பருவுக்குக் குளிசை மட்டும் என்றேன். பையில் இருந்த அட்டையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எவ்வளவு காலம்?"

"ஒரு வருசம், டொக்டர்."

"ஆர் எழுதித் தந்தது?"

"அப்பான்ரை பேணியிலை இருக்கிறது."

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். எங்கள் குடலுக்குள் கோடிக்கணக்கான பக்டீரியா இருக்கின்றன. எல்லாம் கெட்டதல்ல. பெண்ணாக வைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் வேலை முடிந்ததும் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைப் பொட்டலமாகக் கட்டிப் பித்தத்தோடு குடலுக்குள் தள்ளிவிடுகிறது. அங்கே சில பக்டீரியா அந்தக் கட்டை அவிழ்க்கின்றன. அவிழ்ந்ததில் ஒரு பங்கு திரும்ப இரத்தத்துக்கு வருகிறது. நான் ஒரு வருடம் விழுங்கிய கிருமி மருந்து, கெட்டது நல்லது பார்க்காமல் எல்லாவற்றையும் கொன்றுகொண்டிருந்திருக்கிறது. கட்டை அவிழ்க்க ஆளில்லாமல் ஓமோன் குறைந்திருக்கலாமாம். அதோடு ஓட்டம், சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. உடம்பு மெலிந்தால், இது பிள்ளை பெறும் காலமில்லை என்று மூளையே நிறுத்திவிடுமாம்.

"இதுதான் முழுக் காரணமெண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். உதைப் பற்றி இன்னும் ஆராய்ஞ்சுகொண்டுதான் இருக்கினம். ஆனா உந்தக் குளிசையை நிப்பாட்டு. இரத்தம் சோதிப்பம். அடுத்த முறை அம்மாவோடை வா. நான் கதைக்கிறன்."

அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது? நாக்குக்கு அடியில் குளிசையை வைத்திருந்து குழாயடியில் துப்புகிறேன். நிவேதனா ஒவ்வொரு நாளும் வீட்டுத் தயிரும் அவித்த பயறும் கொண்டுவருகிறாள். "சாப்பிடடி, உனக்கில்லை, உன்ரை குடலிலை குடியிருக்கிற ஆக்களுக்கு" என்கிறாள். ஒரு வருடத்துக்குப் பிறகு நேற்றுத்தான் சிரித்தேன்.

அக்கா, பதினெட்டில் உங்களுக்கும் பரு இருந்ததுதானே? உங்களுக்கும் அம்மா பேணியிலிருந்துதானே தந்தார்?

லவீனா


குருநகர்
15.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போனில் அம்மாவிடம் "தங்கச்சி படிக்கிறாளா" என்று மட்டும் கேட்கிறீர்கள். கோபமா? கோபமாயிருந்தாலும் இதை முழுக்க வாசியுங்கள்.

எனக்கு நேற்று வந்தது.

குளிசையை விட்டு மூன்று மாதத்துக்கு மேலாகிறது. மாதா திருநாளுக்கு உடுப்புக்கு இஸ்திரி போட்டு மினுக்கிக்கொண்டு நின்றபோது தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். நானே அழுது கேட்க, யூன் மாதம் டாக்டரிடம் வந்தார். இரத்தத்தில் வேறு குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் எல்லாம் விளக்கிச் சொல்ல, அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: "பருவுக்குத்தானே குடுத்தனான். மூத்தவளுக்கும் இதைத்தான் குடுத்தனான், டொக்டர். அவளுக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ரகசியம் என்னிடம்தான் இருக்கிறது.

அக்கா, விளங்குகிறதா? உங்களுக்கும் அதுதான். நீங்கள் மலடியில்லை. ஆண்டவர் ஒன்றையும் எடுக்கவில்லை, பேணிதான் எடுத்தது. வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் இருபத்துநாலு நாள் இருக்கிறது. அதற்கு முதல் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். மடத்து மதரிடம் கேளுங்கள். அப்பா புதுச் சேட் தைத்துவிட்டார், வாடகை வானுக்குச் சொல்லியாயிற்று, அதெல்லாம் போனால் போகட்டும். சனம் கதைக்கும், மடத்திலிருந்து திரும்பி வந்தவள் என்று. கதைத்துக் களைத்துப்போவார்கள்.

ஜெரிசன் அண்ணை இன்னும் கட்டவில்லை. இதை எழுதலாமோ என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

பாய் விரித்தால் உங்கள் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. வந்துவிடுங்கள்.

லவீனா


குருநகர்
14.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் ஓகஸ்ட் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கோயிலில் நான் மூன்றாம் வாங்கில் இருந்தேன். உங்கள் பெயரைக் கூப்பிட, "இதோ வருகிறேன்" என்றீர்கள். உங்கள் குரல் அப்படி உரக்க வந்ததை நான் முன்பு கேட்டதில்லை. பீடத்தின் முன் நீங்கள் முழங்காலில் இருந்தபோது, நான் எழும்பிக் கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரின் கை ஈரமாயிருந்தது, சந்தோசத்தில்.

பிறகு படம் எடுக்கும்போது எல்லாரையும் கட்டிப்பிடித்தீர்கள். என்னையும்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை அக்கா. என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு, "மெலிஞ்சு போனாய்" என்றீர்கள். நான் ஆறு கிலோ கூடியிருக்கிறேன்.

வானை ஓட்டி வந்தது ஜெரிசன் அண்ணை. அம்மாதான் அவரைப் பிடித்தார், எங்கள் ஆள் என்று. அவர் கோயிலுக்குள் வரவில்லை. சாப்பாட்டுப் பார்சலை வானுக்குள் வைத்தே சாப்பிட்டார். திரும்பி வரும்போது, பாட்டைப் போடு என்று எல்லாரும் கேட்க, செற் பழுது என்றார். போகும்போது அது நல்லாய்த்தான் வேலை செய்தது.

கிடைத்ததா இல்லையா? கிடைக்கவில்லையென்றால் தபாலைத் திட்டிவிட்டு இருப்பேன். கிடைத்தும் இதோ வருகிறேன் என்று சொன்னீர்களென்றால் எனக்கு நித்திரை வராது.

லவீனா


பண்டாரவளை
06.10.2024

அன்புள்ள லவீனாவுக்கு,

கிடைத்தது. ஓகஸ்ட் இருபத்திரண்டு, வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. பதினேழு நாள் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இரண்டு தரம் மதரின் அறை வாசல்வரை போனேன்.

நீ ஒன்றைப் பிழையாக விளங்கிவிட்டாய். அது உன் பிழையில்லை, நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு டாக்டரும் தேவையில்லை. எனக்கு எப்போதோ திரும்பி வந்துவிட்டது.

இங்கே வந்து எட்டாம் மாதம். நவகன்னியாக வெள்ளை முக்காடு வாங்கிய அன்று காலை, கோயில் மணி அடிக்க எழும்பும்போது வந்திருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அழுதேன். பொய் சொல்லி வந்தவளை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார், எடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டு, "இனி நீயாக விரும்பித் தா" என்று கேட்கிறார் என்று நினைத்தேன். அதுதான் நான் சொன்ன அடையாளம். ஜெரிசனை நினைத்த இரவுகளில் அதைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இரண்டரை வருடம் அதில்தான் நின்றேன்.

உன் மே மாதக் கடிதத்தை வாசித்துவிட்டு விரலில் எண்ணிப் பார்த்தேன். இங்கே மருந்து அலுமாரி எப்போதும் பூட்டு, திறப்பு மதரிடம். வந்த நாளிலிருந்து ஒரு குளிசைகூட விழுங்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கீரை, அவித்த பயறு, பக்கத்துப் பண்ணைத் தயிர். எட்டு மாதம். உன் டாக்டர் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்.

அதனால்தான் மூன்று மாதம் எழுதவில்லை. கோபமில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வார்த்தைப்பாட்டன்று எனக்கு இரண்டாம் நாள். உன் முகத்தைப் பார்த்தால் அந்த இடத்திலேயே எழும்பி உன்னோடு வானில் ஏறியிருப்பேன் என்று பயந்தேன். வானை ஓட்டி வந்தது ஆர் என்று யன்னலால் பார்த்துவிட்டேன்.

நீ கேட்பாய், பிறகு ஏன் என்று. அம்மா மூன்றாம் வாங்கில் உன்னோடு இருந்தார். அப்பாவின் புதுச் சேட்டில் மடிப்புக்கூடக் கலையவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று வருடமாகப் பழகிய பதில், வாய் தானாகச் சொன்னது.

முதல் வார்த்தைப்பாடு ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த செப்டெம்பரிலும் கேட்பார்கள். அதுவரைக்கும் எனக்கு எழுதாதே, பிள்ளை. நீ எழுதுவதெல்லாம் உண்மை. அதைக் கொஞ்சக் காலம் என்னால் வாசிக்க முடியாது. உனக்குச் சுகம் வந்தது எனக்குச் சந்தோசம், இதை நம்பு. அம்மாவுக்கு என் விஷயம் எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது.

பேணியை எறிந்துவிடு. கடலில் எறியாதே, கரைக்கு வந்துவிடும்.

உனக்குச் சொன்ன அந்த மூன்று அருள்நிறைந்த மரியேயை ஒவ்வொரு இரவும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது ஆர் கேட்கிறார் என்று தெரியாமல் சொல்லுகிறேன்.

கிறிஸ்துவில்
அருட்சகோதரி ஜெசிதா